நாத்தனார் இருந்தால் மட்டும் உறைந்த மெஷின்

என் நாத்தனார் ஓர் ஐஸ் மெஷினுக்கு முன்னால் போய் நின்று இடுப்பில் கை வைத்தால் போதும், உள்ளே ஓடுகிற தண்ணீர் பயத்திலேயே கட்டியாகிவிடும். மின்சாரம்கூடத் தேவையில்லை. ஒருமுறை அவள் முறைத்த முறைப்பில் பக்கத்து மேஜையிலிருந்த வெந்நீரும் சேர்ந்து உறைந்து, அதைக் குடிக்க வந்தவர் கரண்டியால் சுரண்டிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இதில் முக்கால் பங்கு நான் கூட்டியது. வெந்நீர் முழுக்கவே என் கைச்சரக்கு. ஆனால் மீதிக் கால் பங்கு நடந்தது. ஒரு ஜூஸ் கடையில் மூன்று வாரமாக, அவள் உள்ளே இருந்தால் மெஷின் சமர்த்தாக ஐஸ் போட்டது. அவள் படியிறங்கிப் போனதும் படுத்துக்கொண்டது. அதனால் முப்பத்தோரு வருஷமாக அவள் சம்பாதித்து வைத்திருந்த பேர் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோடு போய்விடப் பார்த்தது.

அவள் என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. நான் மருமகளாக வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. தட்டச்சு படிப்பதற்காகத் தொழிற்பயிற்சிக் கூடத்தில் விண்ணப்பம் கொடுக்கப் போனாள். தட்டச்சு வரிசை வெயிலில் தெருவரை நீண்டிருந்தது. இன்னொரு வரிசை குட்டையாக, மின்விசிறிக்குக் கீழே நின்றது. யோசிக்காமல் அதில் போய் நின்றுவிட்டாள். அது குளிர்சாதனப் பழுதுபார்ப்புக்கான வரிசை. நாற்பத்தாறு ஆண்பிள்ளைகள், இவள் ஒருத்தி. என் மாமனார் சேதி கேட்டு ஆறு மாதம் அவளோடு பேசவில்லை. ஏழாவது மாதம் வீட்டு ஃபிரிட்ஜ் நின்றுபோயிற்று. அவள் அதைக் கூடத்தில் பிரித்துப் பரப்பி, திரும்பச் சேர்த்து மூடியபோது இரண்டு திருகுகள் மிச்சம் கிடந்தன. ஆனாலும் ஃபிரிட்ஜ் ஓடியது. அந்த இரண்டு திருகுகளையும் மாமனார் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, கம்பெனிக்காரன் அநாவசியமாகப் போட்டதைத் தன் மகள் கண்டுபிடித்துவிட்டதாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார். அவளுக்குத்தான் அந்தத் திருகுகளை நினைத்துப் பல நாள் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு எதையும் பிரிக்கும் முன்னால் நன்றாகப் பார்ப்பது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள்.

கடைத்தெருவில் அவளுக்கு நாற்காலிக்காரம்மா என்று பேர். எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் கேட்பது ஒரு நாற்காலி. மெஷினுக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வாள். ஐஸ் மெஷினுக்குள் செங்குத்தாக ஓர் உலோகத் தட்டு இருக்கிறது. அதன்மேல் தண்ணீர் வழிந்து வழிந்து மெல்லப் படிந்து உறையும். கெட்டியானதும் தட்டு ஒரு கணம் சூடாகும். ஐஸ் மொத்தமாகக் கழன்று கீழே பெட்டிக்குள் சடசடவென்று விழும். பிறகு மறுபடியும் தண்ணீர். இப்படி ஒரு முழுச் சுற்று முடிகிறவரை ஸ்பானரை அவள் தொடமாட்டாள். வேலைக்கு வந்தவள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று புதுக் கடைக்காரர்களுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். பழகியவர்கள் கேட்பதற்கு முன்பே நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிடுவார்கள்.

அந்தப் பக்கத்துத் தெருக்களில் வேலை செய்கிறவர் ஒருவர் உண்டு. அவருக்குச் சுத்தியல் என்று பட்டப்பெயர். கடைக்குள் நுழைந்ததும் மெஷினின் மண்டையில் இரண்டு போடு போட்டுவிட்டுத்தான் என்ன தொந்தரவு என்று கேட்பார். மெஷின் வலி தாங்காமல் பத்து நாள் ஓடும்.

என் நாத்தனாரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. போன் செய்யாமல் எந்தக் கடைக்கும் போகமாட்டாள். ஒரு மணி நேரம் முன்னதாகக் கூப்பிட்டு, நான் வருகிறேன் என்று சொல்லிவிடுவாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ரொட்டிக் கடையின் பின்னறைக்குள் திடுதிப்பென்று நுழைந்துவிட்டாள். அங்கே ரொட்டிக்காரர் அடுப்புச் சூடு தாங்காமல் இடுப்பில் ஒரு துண்டோடு மட்டும், குளிர்பெட்டியின் கதவைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றிருந்தார். இவள் அலறினாள். அவரும் அலறித் திரும்பினார். திரும்பியதில் துண்டு கதவில் மாட்டிக்கொள்ள, மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள மனிதர் மாவு மூட்டைக்குள்ளேயே பாய்ந்துவிட்டார். வெளியே வந்தபோது புருவம்கூடத் தெரியவில்லை என்பார்கள். பார்த்தது நான் இல்லை. அதனால் இதை அளந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பின்னறைகளில் ஆண்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வேலை செய்வார்கள், சொல்லிவிட்டுப் போவதுதான் இரண்டு பக்கத்துக்கும் மரியாதை என்று அன்றைக்கு அவள் முடிவு செய்தது நிஜம்.

இனி ஜூஸ் கடை. அந்தக் கடைத்தெருவில் ஐஸ் மெஷின் வைத்திருக்கிற கடைகள் பதினைந்து. பதினைந்தையும் பார்த்துக்கொள்வது என் நாத்தனார்தான். ஜூஸ் கடை முதலாளி அந்தத் தெரு வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர். அவர் வலது பக்கம் திரும்பினால் மற்ற பதினாலு பேரும் வலது பக்கம் திரும்புவார்கள். கடைக்கு மேல்மாடியில்தான் குடும்பம். கல்லாவில் அவருடைய மாமியார் உட்காருவார். ஜூஸ் போடும் மாஸ்டர் ஒருவர், கிளாஸ் கழுவுகிறவர் ஒருவர். இவ்வளவுதான் ஆள். மெஷின் பின்னறையில் இருந்தது.

மழை பிடித்துக்கொண்ட இரண்டாவது வாரம் முதலாளி கூப்பிட்டார். ஐஸ் சீக்கிரம் உறையவில்லை, இருபது நிமிஷத்தில் விழ வேண்டியது நாற்பத்தைந்து நிமிஷம் ஆகிறது, மத்தியானத்துக்குள் பெட்டி காலியாகிவிடுகிறது என்றார். என் நாத்தனாருக்கு அப்போதே மூக்கில் வியர்த்தது. வெயில் கொளுத்துகிற நாளில் இந்தப் புகார் வந்தால் நியாயம். அறையும் சூடு, குழாய்த் தண்ணீரும் சூடு, உறைய நேரமாகும். ஊரே ஜில்லென்று கிடக்கும்போது, வெயில் காலத்தில் பெட்டி நிறைய ஐஸ் போட்ட அதே மெஷின் ஏன் சுணங்க வேண்டும்?

போன் செய்துவிட்டுப் போனாள். நாற்காலி வந்தது. உட்கார்ந்து பார்த்தாள். இருபது நிமிஷத்தில் ஐஸ் சடசடவென்று விழுந்தது. காற்று உள்ளே போகும் வழியிலிருந்த சல்லடையைக் கழற்றி உதறிக் கழுவி மாட்டிவிட்டு வந்தாள். அன்றைக்கு மத்தியானமே முதலாளி கூப்பிட்டார். மறுபடி நாற்பத்தைந்தாம்.

நாலு நாள் கழித்து இரண்டாவது முறை. இருபதே நிமிஷம். தட்டில் படிந்திருந்த உப்பைக் கரைத்து எடுத்தாள். தண்ணீர் வரும் வால்வு, வேண்டாத நேரத்தில் கசிந்து உள்ளே வெதுவெதுப்பான தண்ணீரை விடுகிறதா என்று பார்த்தாள். கசியவில்லை. விசிறி ஓடியது. பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தாள். சூடான காற்று தாராளமாக வந்தது. அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் போன். மறுபடி நாற்பத்தைந்து.

மூன்றாவது முறை ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தவள் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் எழுந்தாள். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான். ஏழு மணி நேரத்தில் இருபத்தோரு சுற்று. பிசகே இல்லை. பெட்டி நிரம்பி வழிந்து, மாஸ்டர் மிச்சத்தைப் பக்கத்துக் கடைக்குக் கொடுத்தார். அன்றைக்கு அந்தக் கடையில் சரியாக இல்லாதது ஆட்கள்தான். முதலாளி தும்மினார். மாஸ்டர் தும்மினார். கிளாஸ் கழுவுகிறவர் தும்மிக்கொண்டே கழுவினார். மூன்று பேர் சட்டையும் முதுகோடு ஒட்டிக்கொண்டு ஈரமாக இருந்தது. மழைக்காலம்தானே என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை காலையில் முதலாளி போனில் பேசியது, என் நாத்தனார் முகம் சுண்டிப்போனதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. சாதாரணமாகத்தான் ஆரம்பித்திருக்கிறார். பிறகு கேட்டிருக்கிறார்:

"ஏம்மா, நீங்க இருந்தா ஓடுது, நீங்க போனா நின்னுடுது. போகும்போது எதையாவது திருகி வச்சிட்டுப் போறீங்களா?"

திரும்பத் திரும்பக் கூப்பிட வைப்பதற்காகச் செய்கிறாள் என்பது அதன் அர்த்தம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சங்கக் கூட்டம் என்றும், சுத்தியலை இந்தத் தெருவுக்குக் கொண்டுவரலாமா என்று அதில் பேசப் போவதாகவும் சொல்லி வைத்துவிட்டார். தெரு போனால்கூட அவளுக்கு வேறு தெரு கிடைக்கும். கோளாறை வைத்துவிட்டுப் போகிறவள் என்ற பேர் வந்துவிட்டால் எந்தத் தெருவிலும் நாற்காலி கிடைக்காது.

வியாழக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுச் சமையலறையில் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று வருகைக்கும் தண்ணீரின் சூடு, அறையின் சூடு, நேரம் எல்லாம் வரிசையாக எழுதியிருந்தாள். எல்லாம் சரியாக இருந்ததுதான் அவளுக்கு எரிச்சல்.

"மெஷின் பொய் சொல்லாது அண்ணி," என்றாள். "நான்தான் எதையோ பார்க்காம விட்டிருக்கேன்."

"அந்த ஆளு பொய் சொல்லலாம் இல்லையா?"

"அவருக்கு என்ன லாபம்? ஐஸ் இல்லாம ஜூஸ் கடைக்காரர் என்ன பண்ணுவார், வெந்நீர்லயா கலக்குவார்?"

எனக்கு அந்தக் கடையில் வேறொரு சந்தேகம் இருந்தது. வாரம் ஒருமுறை அங்கே எலுமிச்சை ஜூஸ் குடிக்கிறவள் நான். கல்லா மேஜைக்கு மேலே அந்த மாமியாருடைய மூக்குக் கண்ணாடியும் அதற்கு மேலே இருப்பதும்தான் எப்போதும் தெரியும். சில்லறை வாங்க எட்டிப் பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை அந்த அம்மா மார்புவரை தெரிந்தார். மேலிருந்து கீழே குனிந்து என்னைப் பார்த்து, சாப்பாடு யாருக்கு என்று விசாரித்தார். இந்த வயதில் ஒரே வாரத்தில் ஒரு முழம் வளர முடியுமா என்று என் நாத்தனாரிடம் கேட்டேன். கேலிக்குத்தான் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். இரண்டாவது முறை போனபோது சல்லடையிலிருந்து எடுத்ததாம். ஜூஸ் கடைத் தூசி என்றால் பிசுபிசுவென்று, கறுப்பாக, சர்க்கரைப் பாகு கலந்து ஒட்டும். இது வெள்ளையாக, மெத்துமெத்தென்று இருந்தது. நாலே நாளில் ஒரு கைப்பிடி.

"இது என்னன்னு சொல்லுங்க."

நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் உருட்டிப் பார்த்தேன். "இது என் வாஷிங் மெஷின்ல தினமும் எடுக்கிற சமாச்சாரம். துணிப் பஞ்சு."

அவள் பொட்டலத்தை மடித்து நோட்டுக்குள் வைத்தாள். பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "நான் போன் பண்ணிட்டுத்தானே போறேன்," என்றாள்.

மற்றதை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் சொன்னாள். அவள் கதை கேட்கிறவள் இல்லை, கணக்குப் போடுகிறவள். கடைசி வரிவரை போட்டால்தான் திருப்தி. மழை பிடித்ததும் மாடியில் துணி காயவில்லை. கீழே பின்னறையில் ஒரு மெஷின் ராப்பகலாகச் சூடான காற்றை ஊதிக்கொண்டிருக்கிறது. எந்த வீட்டுக்காரி அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாள்? நான் இருந்திருக்கமாட்டேன். மெக்கானிக் வருகிறாள் என்று போன் வந்ததும் அவசர அவசரமாகக் கொடியிலிருந்து எல்லாவற்றையும் உருவி, பெருக்கித் துடைத்து, மூட்டை கட்டி, யார் கண்ணிலும் படாத இடத்தில் வைக்க வேண்டும். கல்லா நாற்காலிக்கு மேல் வைத்து அதன்மேல் தானே உட்கார்ந்துவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆண்பிள்ளைகள் மூன்று பேரும் பாதி காய்ந்த சட்டையை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

"சொல்லிட்டுப் போறது மரியாதைன்னு நான் நினைச்சேன். எடுத்து ஒளிச்சு வைக்கிறது மரியாதைன்னு அவங்க நினைச்சாங்க," என்றாள். "நடுவுல அந்த மெஷின் மாட்டிக்கிச்சு."

நாளைக்குப் போன் செய்யாமல் போய்விடலாம் என்றேன். அதற்கு அவள் ஒப்புக்கொள்ள அரை நாள் ஆயிற்று. ரொட்டிக்காரரின் துண்டு அவள் கண் முன்னால் தொங்கியிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. சாயங்காலம் ஆறுக்குக் கூட்டம். பையைத் தூக்குகிற சாக்கில் நானும் கூடப் போனேன், யாரும் கூப்பிடவில்லை. தெருமுனையில் நின்று அவள் கைபேசியை எடுத்தாள். வாசலுக்கு வந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடறேனே என்றாள். நான் முறைத்தேன். பைக்குள் போட்டாள். பத்தடி நடந்ததும் மறுபடி எடுத்தாள். மூன்றாவது முறை எடுத்தபோது வாங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

கல்லாவில் யாரும் இல்லை. மாஸ்டர் எங்களைப் பார்த்ததும் ஆரஞ்சுப் பழத்தை வெட்டுவதற்குப் பதிலாகத் தன் விரலை வெட்டப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நாங்கள் பின்னறைக்குள் போய்விட்டோம்.

ஜன்னல் கம்பியிலிருந்து கதவுத் தாழ்ப்பாள்வரை மெஷினின் முதுகை ஒட்டி ஒரு கொடி. அதில் ஏழு பனியன், நாலு சட்டை, ஈரம் சொட்டுகிற கால்சட்டைகள், துண்டுகள். எல்லாவற்றுக்கும் சிகரமாக இரட்டைக் கட்டில் போர்வை ஒன்று. அதைக் கொடியில்கூடப் போடவில்லை. சூடான காற்று வெளியே வருகிற கம்பிச் சட்டத்திலேயே நாலு மூலைக்கும் கிளிப் போட்டு, மெஷினுக்குக் குளிருமே என்று போர்த்திவிட்டது போல மாட்டியிருந்தது. முக்காலிமேல் அந்த மாமியார், வாயில் இரண்டு கிளிப்புகளோடு, எட்டாவது பனியனை விரித்துப் பிடித்தபடி நின்றிருந்தார்.

எங்களைப் பார்த்ததும் கிளிப்புகளை எடுத்துவிட்டு, "போன் பண்ணலையே," என்றார். தப்பு எங்கள் பக்கம் என்கிற குரல்.

"பண்ணலைம்மா. மன்னிச்சிடுங்க," என்றாள் என் நாத்தனார். நிஜமாகவே குறுகிப்போய்த்தான் சொன்னாள்.

"ஒரு நிமிஷம் வெளியே இரு. எல்லாத்தையும் எடுத்திடறேன்."

"எடுக்காதீங்கம்மா. அப்படியே இருக்கட்டும். ஒரு நாற்காலி மட்டும் வேணும்."

நாற்காலி வந்தது. அவள் உட்கார்ந்தாள். மாமியார் முக்காலியிலிருந்து இறங்கி அதிலேயே உட்கார்ந்துகொண்டார். எட்டாவது பனியன் மடியில் இருந்தது. அதை முந்தானையால் மூடி மூடி வைத்தார். சற்றைக்கெல்லாம் முதலாளி கைக்குட்டையும் கையுமாக உள்ளே வந்தார். தன் பனியன்கள் ஏழும் வரிசையாகத் தொங்குவதையும், எதிரே நாற்காலிக்காரம்மா கடிகாரத்தோடு அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதையும் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பினார். பிறகு தலைவர் என்பது நினைவுக்கு வந்து மறுபடி உள்ளே வந்தார். சங்கத் தலைவர் ஒருவர் தன் உள்ளாடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்பது நிமிஷம் நின்றதை நான் பார்த்தேன். சிரிப்பை அடக்கியதில் எனக்கு விலா எலும்பு ஒன்று விலகிவிட்டது. சரி, விலகவில்லை, வலித்தது.

நாற்பத்து நாலாவது நிமிஷம் ஐஸ் விழுந்தது. என் நாத்தனார் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"இப்ப எடுத்திடுங்கம்மா. போர்வையை முதல்ல."

துணியெல்லாம் போனதும் அறைக்குள் அடைபட்டிருந்த வெக்கை கலையட்டும் என்று ஜன்னலைத் திறந்துவிட்டு ஒரு சுற்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டாள். அதற்கடுத்த சுற்று, இருபது நிமிஷம். அவள் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.

முதலாளி மெஷினைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மாமியாரை மட்டும் பார்க்கவில்லை. என்னதான் நடக்கிறது என்று கேட்டார்.

"தண்ணியில இருக்கிற சூட்டைப் பிடுங்கி முதுகு வழியா வெளியே ஊதுறதுதான் இதோட வேலை. வேற ஒண்ணும் இல்ல," என்றாள் அவள். "ஊதுற இடத்துல போர்வையைப் போட்டு மூடினா, விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கிட்டு நிக்குது. எப்படி உறையும்?"

"சும்மா வீணாப் போற காத்துதானேன்னு நினைச்சேன்," என்றார் மாமியார்.

"வீணாத்தான் போகணும்மா. அது போனாத்தான் ஐஸ்."

மாமியார் மடியிலிருந்த பனியனை இன்னும் இழுத்து மூடினார். பிறகு என் நாத்தனாரைக் கடிந்துகொள்வது போலச் சொன்னார்: "ஆம்பளை மெக்கானிக் வந்திருந்தா நான் எதையும் எடுத்திருக்கவே மாட்டேன். அன்னைக்கே அவன் கண்ணுல பட்டிருக்கும். நீ பொம்பளையா வந்து நின்னே. ஆம்பளைங்க பனியன் உன் கண்ணுல படலாமா? அதுக்குத்தான் மூணு வாரமா நான் மூட்டைமேல உட்கார்ந்து இடுப்பு போச்சு."

"எங்க வீட்டுல மூணு ஆம்பளைங்கம்மா," என்றாள் என் நாத்தனார். "முப்பது வருஷமா நான்தான் துவைக்கிறேன்."

அந்த அம்மா முதன்முறையாகச் சிரித்தார். எட்டாவது பனியனை முந்தானைக்குள்ளிருந்து எடுத்து, உதறி, மடித்து எல்லார் முன்னாலும் வைத்தார். எங்களுக்கு ஆளுக்கொரு ஜூஸ் வந்தது. ஐஸ் அளவுக்கு மேலேயே போட்டிருந்தார்கள்.

முதலாளி மட்டும் வாயைத் திறக்கவில்லை. புதன்கிழமை போனில் கேட்ட கேள்வி அவர் தொண்டையில் நின்றுகொண்டிருந்தது என்று நினைக்கிறேன். அவருடைய சங்கடமும் எனக்குப் புரியாமல் இல்லை. என் நாத்தனார்மேல் தப்பில்லை என்று கூட்டத்தில் சொன்னால், பிறகு தப்பு எங்கே என்று பதினாலு பேரும் கேட்பார்கள். ஊருக்கெல்லாம் சுத்தமான ஜூஸ் தருகிறவர், ஐஸ் மெஷினுக்குப் பனியன் போர்த்தி வைத்திருந்ததை எந்த வாயால் சொல்வார்? சொல்லாமல் இருந்துவிட்டாலோ, இவள் கோளாறு வைக்கிறவள் என்ற பேச்சு அப்படியே நிற்கும்.

வெளியே வந்ததும் நான் விடவில்லை. கூட்டத்தில் நீயே எழுந்து பனியன் கதையைச் சொல்லிவிடு, அவர் சொல்வார் என்று காத்துக்கொண்டிருக்காதே என்றேன். அவள் மாட்டேன் என்றாள். பின்னறைகளில் பார்ப்பதை முன்னறையில் பேசுவதில்லை, பேசியிருந்தால் இந்தத் தெருவில் இத்தனை வருஷம் நிலைத்திருக்க முடியாது என்றாள். ரொட்டிக்காரர் விஷயம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதை ரொட்டிக்காரர்தான் எல்லாரிடமும் சொன்னாராம்.

ஆறு மணிக்குக் கூட்டம் மீன்கடைக்கு மேலே உள்ள அறையில் கூடியது. அவளை உள்ளே கூப்பிட்டுக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். நான் உறுப்பினர் இல்லை என்பதால் படிக்கட்டில் நின்றேன். அங்கிருந்தே எனக்கு எல்லாம் தெரிந்தது. முதலாளி எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். பையிலிருந்து ஒரு பனியனை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, நண்பர்களே, குற்றவாளி இதுதான் என்று முழங்கினார். முப்பத்தோரு வருஷம் நம் தெருவைக் குளிர வைத்த கையை நான் சந்தேகப்பட்டுவிட்டேன் என்று சொல்லும்போது அவர் கண்ணிலிருந்து வழிந்த தண்ணீரில் மட்டும் இரண்டு தட்டு ஐஸ் போடலாம். அரை மணி நேரம் பேசினார். பதினாலு கடைக்காரர்களும் எழுந்து நின்று கைதட்டிய தட்டலில் கீழே கூடையிலிருந்த மீன்கள் துள்ளின. சுத்தியல் அன்றைக்கே ஊரைவிட்டுப் போய்விட்டதாகக் கேள்வி.

இந்த இடம்வரை எழுதிய தாளை, எதிரே உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த என் நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"படிக்கட்டுலேர்ந்து உள்ளே ஒண்ணும் தெரியாது அண்ணி, நடுவுல சுவர் இருக்கு," என்றாள். "அவர் எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்த இடத்துலேர்ந்தே, 'கோளாறு மெஷின்லயும் இல்ல, அந்தம்மா கிட்டயும் இல்ல, எங்க வீட்டுலதான். அவங்களே பார்க்கட்டும்'னார். மீன்கடைக்காரர் என்ன கோளாறுன்னு கேட்டார். 'காத்தோட்டம்'னார். அவ்வளவுதான். அரை மணி நேரம் பேசினது தெருவிளக்கைப் பத்தி."